பின்வாசல் காவல் நிலையம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலைக் கவாத்து முடிந்ததும் பயிற்சிப் பள்ளி முதல்வர் அய்யா கூப்பிட்டு அனுப்பினார். என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். இருபத்தாறு வருஷ சர்வீஸில் மேலதிகாரி கூப்பிட்டால் முதலில் வருகிற யோசனை அதுதான்.

தப்பு ஒன்றும் இல்லை. தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. புதிதாகப் போலீஸில் சேருகிறவர்களுக்கு மற்ற நாடுகளில் எப்படிப் பயிற்சி தருகிறார்கள் என்று ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் ஒப்பிட்டு அறிக்கை எழுத வேண்டும். அதில் ஏதாவது ஒரு முறையை எடுத்துத் தன் பள்ளியில் நடத்தியும் காட்ட வேண்டும். செப்டம்பர் 12 அன்று குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அது மாநிலம் முழுக்கப் பாடத்திட்டத்தில் ஏறிவிடும்.

"நீங்க எழுதுங்க செண்பகவல்லி" என்றார் அய்யா. சட்டம் நடத்துகிறவள் நான்தானாம். அவருக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, நிலையத்தில் ரைட்டராக இருந்து, சப்-இன்ஸ்பெக்டராகி, இந்தப் பெண்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஓய்வு பெறும்போது ஒரு மாலையும் சுவர்க்கடிகாரமும் தருவார்கள். அதற்கு முன்னால் நான் செய்தது என்று ஒன்று நிற்க வேண்டும். இதுதான் அது. எனக்குத் தெரிந்துவிட்டது.

சந்தோஷத்தில் இட்லி மாவு வாங்க மறந்துவிட்டேன். ராத்திரிக்கு உப்புமா.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் என்பதால் இருபது வருஷத்தில் எனக்கு முதல்முறையாக ஒரு பலன் கிடைத்திருக்கிறது. கட்டுரைகளை எல்லாம் படித்துத் தமிழில் சொல்கிறார், நான் எழுதிக்கொள்கிறேன்.

நார்வேயில் போலீஸ் ஆக மூன்று வருஷம் படிக்க வேண்டுமாம். பட்டப்படிப்பு. முதல் வருஷம் வகுப்பு, இரண்டாம் வருஷம் களம், மூன்றாம் வருஷம் திரும்பவும் வகுப்பு. பின்லாந்திலும் மூன்று வருஷம். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது, இரண்டரையோ மூன்றோ. நம்முடையது ஏழு மாதம் என்று எழுதியபோது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அமெரிக்காவைப் படித்தார். அங்கே எல்லோருக்கும் பொதுவான கணக்கே கிடையாது, பல இடங்களில் சில மாதங்கள்தான். சில மாநிலங்களில் முடி வெட்ட உரிமம் வாங்குவதற்கு அதைவிட அதிக மணி நேரம் படிக்க வேண்டுமாம். மனசு ஆறியது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆகஸ்ட் 9, சனி

ஜப்பானை முடித்தேன். பட்டதாரி என்றால் ஆறு மாதம், பள்ளிப்படிப்பு என்றால் பத்து மாதம் பயிற்சிப் பள்ளி. பிறகு தெருமுனையில் இருக்கும் சின்னக் காவல் மையத்தில் மூத்தவர் ஒருவரோடு வேலை. வழி கேட்கிறவர், குடையைத் தொலைத்தவர், எல்லோரும் அங்கேதான் வருவார்களாம். ஜூடோவோ கத்திச்சண்டையோ கட்டாயம்.

துவைக்கப் போட்ட துணி மூன்று நாளாக வாளியிலேயே கிடக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேண்டீனில் இருளப்பனோடு வாக்குவாதம். கவாத்து நடத்துகிற ஆயுதப்படை சப்-இன்ஸ்பெக்டர். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று கத்தினால் இந்தக் கோடியில் காக்கை பறக்கும். மற்ற நாடுகளில் கவாத்து நேரத்தைவிடப் பேசப் பழக்கும் நேரம் அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

"காலை ஒண்ணாத் தூக்கி ஒண்ணா வைக்கவே நமக்கு நாலு மாசம் ஆவுது. இதுல பேச வேற சொல்லித்தரணுமாக்கும்" என்றார்.

ஜப்பானில் ஜூடோ கட்டாயம் என்றதும் மனுஷர் சாய்ந்துவிட்டார். டீயை ஆற வைத்துவிட்டு அரைமணி நேரம் ஜப்பானைப் பற்றியே கேட்டார். போர்வையை எப்படி மடிப்பார்கள் என்பதுவரை. எனக்கு அது தெரியவில்லை, ஆனாலும் நான்காக என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தேர்ந்தெடுத்துவிட்டேன். மாதிரிக் காவல் நிலையம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நான் கண்டுபிடித்ததல்ல இது. பல நாடுகளில் இருக்கிறது. ஒரு நிலையம் போலவே அமைத்து, நடிக்கத் தெரிந்தவர்களைப் புகார்தாரராக அனுப்புவார்கள். பயிற்சிப் பெண் அந்தப் புகாரை வாங்க வேண்டும். வந்தவரை உட்கார வைத்து, அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டு, அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். கேள்வியெல்லாம் அப்புறம். எவ்வளவு எளிது, எவ்வளவு பெரிது.

பின்வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கேண்டீன் கட்டடத்தை அய்யா கொடுத்தார். வெளியே பஸ் நிறுத்தம். நாங்களே வெள்ளையடித்தோம். மேசை, நான்கு நாற்காலி, விலங்கு மாட்டும் ஆணி, பொதுநாட்குறிப்பு, புகார் ரசீதுப் புத்தகம், எல்லாம் வந்துவிட்டது. மதில்சுவருக்கு மேலே 'காவல் நிலையம்' என்று நீலமும் சிவப்புமாகப் பெயர்ப்பலகை. 'மாதிரி' என்று சேர்த்து எழுத வேண்டாமா என்று அய்யா கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்த ஒரு சொல் இருந்தால் பயிற்சிப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று வாதாடினேன். அய்யா ஒத்துக்கொண்டார்.

நின்று நின்று பார்த்தேன். கல்யாண வீட்டுப் பந்தல் போட்டு முடித்த நிறைவு.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் ஒத்திகை. பிள்ளைகளில் ஒருத்தியைப் புகார்தாரராக உள்ளே அனுப்பினேன், செயின் பறிபோனதாக. நாற்காலியில் இருந்தவள் ஜெனிட்டா. கடற்கரை ஊர்க்காரி, இருபத்திரண்டு வயசு, படிப்பில் கெட்டி. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஏய், அந்தப் பக்கம் போய் நில்லு. கூப்பிடும்போது வா."

சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஒரு நிலையத்தையும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. எங்கேயிருந்து கற்றாள்? சினிமாவிலிருந்து என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கப்புறம் வந்த பதினாறு பேரில் ஒருத்திகூட 'உட்காருங்க' என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இருபத்தைந்து தடவை நடத்திவிட்டோம். இன்று ஜெனிட்டா எழுந்து நின்று, "வாங்கம்மா, உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க, அவசரமில்ல" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் பார்த்துவிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த அணிக்கு 'மனுக்களைப் பிரித்தறிதல்' வகுப்பு இன்னும் எடுக்கவில்லையே என்று அய்யா கேட்டார். அது என்னுடைய பேர்போன வகுப்பு. பழைய மாணவிகள் இன்றும் போன் செய்தால் அதைத்தான் சொல்வார்கள். நேரமில்லை, பிறகு பார்ப்போம் என்றேன். உண்மையிலேயே நேரம் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒரு நாடகக் குழுவில் கோமளம் என்ற நடிகையைப் பிடித்துவிட்டேன். வியாழன் பதினோரு மணிக்கு வருகிறாள். என்ன புகார் என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும், என்னிடம்கூடச் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் நிஜமாக இருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இப்படி ஒரு நாள் என் சர்வீஸில் வந்ததில்லை.

பத்தே முக்காலுக்கெல்லாம் வந்துவிட்டாள். பின்வாசல் காவலுக்கு நின்ற பெண்ணிடம் நடிகை வருவாள், உள்ளே விடு என்று சொல்லியிருந்தேன். முன்பின் நான் கோமளத்தைப் பார்த்ததில்லை, போனில் பேசியதோடு சரி. நேரில் பார்த்ததும் அசந்துவிட்டேன். வேஷம் என்றால் அதுதான் வேஷம். வார் அறுந்த செருப்பை ஊக்கு குத்திப் போட்டிருந்தாள். மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் அளவுப் படம். எவ்வளவு முன்தயாரிப்பு.

இந்தப் பிரிவுப் பிள்ளைகள் நாற்பது பேரும் சுவரோரம் பெஞ்சில் இருந்தார்கள். இருளப்பன்கூட வந்து வாசல்படியில் நின்றார். ஜெனிட்டா எழுந்து நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பேர் சுடலைவடிவு என்றாள் வந்தவள். மகள் இசக்கியம்மாள், பத்தொன்பது வயசு, நூல் மில் விடுதியில் தங்கி வேலை. தினமும் ராத்திரி எட்டரைக்கு அம்மாவுக்குப் போன் செய்வாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு போன் இல்லை. மில் வாசலில் போய்க் கேட்டால் வீட்டுக்குப் போய்விட்டாளே என்கிறார்கள். மேலக்காடு ஸ்டேஷனுக்கு இரண்டு நாள் போனாளாம், இரண்டு நாளும் நாளைக்கு வா என்று அனுப்பினார்களாம். இன்று மூன்றாவது தடவை போகப் பஸ் ஏறியவள், இங்கே பலகையைப் பார்த்து இறங்கிவிட்டாளாம். எங்கள் பலகையைக் கதைக்குள் எப்படிச் சேர்த்தாள் என்று நினைத்து நினைத்து வியக்கிறேன். பக்கத்து ஸ்டேஷன் பேரையெல்லாம் விசாரித்துத் தெரிந்து வந்திருக்கிறாள்.

நாற்பது நிமிஷம் பேசினாள். ஜெனிட்டா ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள், சம்பந்தமில்லாமல் ஆட்டுக்குட்டி, சர்ச் திருவிழா எல்லாம் வந்தது. எல்லாவற்றையும் ஜெனிட்டா எழுதினாள். கடைசியாகப் பேசியபோது மகள் கையில் சின்னக் காயம் என்றாளாம், சூப்பர்வைசர் அக்கா வீட்டில் வைத்து மருந்து போட்டதாகச் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அந்தம்மா அழுத அழுகை இருக்கிறதே. சத்தமே இல்லை. வாயைச் சேலையால் மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கியது.

எழுதியதைப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, ரசீது கிழித்துக் கொடுத்தாள் ஜெனிட்டா. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இருளப்பன் விசிலடிக்காத குறை.

அந்தம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை வேஷத்திலிருந்து இறங்கவே இல்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா கண்டுபிடிச்சுத் தருவிய?" என்று கேட்டாள். நானும் விட்டுக்கொடுக்காமல், "நாளைக்கே" என்றேன்.

நடிப்புக்குப் பத்துக்குப் பத்து. ஜெனிட்டாவுக்கு ஒன்பதரை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கோமளம் போன் செய்தாள். நேற்றுக் காய்ச்சலாம், வர முடியவில்லையாம், திங்கள்கிழமை வரட்டுமா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

போனை வைத்தபோது காலை ஒன்பதே கால். வகுப்பிலிருந்த ஜெனிட்டாவை இழுத்துக்கொண்டு, அவள் எழுதிய நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அய்யா ஜீப் கொடுத்தார். இருளப்பன் கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். ஆறு கிலோமீட்டரில் மேலக்காடு.

ரைட்டர் மேசையில் தாமரைக்கனி. என் மாணவி. நான்கு வருஷத்துக்கு முந்தைய அணியில் சட்டத்தில் முதல் மதிப்பெண். எழுந்து சல்யூட் அடித்து, டீ சொல்லவா என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள். சுடலைவடிவு என்று ஓர் அம்மா வந்தாளா என்று கேட்டேன்.

"வந்துச்சும்மா. மக போன் பண்ணலைன்னு. செவ்வாக்கெழம வந்துச்சு, புதன்கெழம வந்துச்சு. நேத்து வரல. சரி, பொண்ணு வந்திருச்சுபோலன்னு விட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள்.

"நீங்க சொல்லிக்குடுத்ததுதானம்மா. நூறு மனு வந்தா அறுவது கோவத்துல வாரது, நாளைக்கு வான்னு சொல்லு, மூணாவது தடவையும் வந்தா எடு, அதுதான் நெசம்னு. நான் அதுலேர்ந்து ஒருநாளும் மாறினதில்லம்மா."

ஜெனிட்டா பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

நான்கு பக்கத்தையும் மேசையில் வைத்தேன். சுடலைவடிவின் தெரு, கதவு நிறம், பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பர் எல்லாம் ஜெனிட்டா எழுதி வைத்திருந்ததால் இருபது நிமிஷத்தில் அந்தம்மாவை அழைத்துவர முடிந்தது. பதினொன்றரைக்கு முதல் தகவல் அறிக்கை போட்டாயிற்று. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கங்களை ஒருமுறை படித்தார். 'சூப்பர்வைசர் அக்கா வீடு' என்ற இடத்தில் விரலை வைத்து, மில்லுக்குப் போகாமல் நேரே அங்கே போவோம் என்றார். இரண்டு ஜீப். இருளப்பன் முன்னால் தொங்கிக்கொண்டு வந்தார்.

மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வெளியே பூட்டு. இருளப்பன் கதவை இரண்டு தட்டுத் தட்டி, இசக்கியம்மா என்று மைதானக் குரலில் கூப்பிட்டார். உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிள்ளை உயிரோடு இருந்தாள். அதை இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், உயிரோடு இருந்தாள். வலது கை இயந்திரத்தில் சிக்கியிருக்கிறது. வெளியே தெரிந்தால் மில்லுக்குக் கெட்ட பேர் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரை விட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். தொட்டால் உடம்பு கொதித்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஜெனிட்டா மடியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். எந்த ஒரு நாள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பெயர்ப்பலகையில் 'மாதிரி' என்று எழுத ஆள் வந்தது. பின்வாசலைப் பூட்டியாயிற்று.

பள்ளி முழுக்க இதே பேச்சு. தலைமையகத்திலிருந்து அய்யாவுக்குப் போன் வந்ததாம், பயிற்சிப் பெண் எழுதிய புகாரால் ஒரு பெண் மீட்கப்பட்டாள் என்று கேள்விப்பட்டோம், குழு ஆவலோடு வருகிறது என்று. அய்யா என்னை உட்கார வைத்து, எதைச் சொல்வது எதை விடுவது என்று பேசினார். நடிகை என்று நினைத்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம், அதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். மேலக்காட்டு இன்ஸ்பெக்டரும் இரண்டு நாள் தாமதத்தைப் பெரிசாக்க விரும்பவில்லை.

"வகுப்பு விஷயத்த எழுதாதீங்க. தாமரைக்கனிக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல. திட்டமே போயிரும்" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. திட்டம் பிழைத்தால் இனி வரும் எல்லாப் பிள்ளைகளும் ஜெனிட்டா மாதிரி எழுதுவார்கள். ஓர் ஆளின் பழைய வகுப்பை நினைத்து அதைக் கெடுக்கலாமா? கெடுக்கக்கூடாது.

செப்டம்பர் 3, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. இசக்கியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். சுடலைவடிவு என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு சொல்லியும் எழவில்லை. அன்று கை தட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அன்னைக்கு எல்லாரும் கை தட்டினிய. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மனு வாங்கினா அப்படித்தான் செய்வாவபோலன்னு நெனச்சிக்கிட்டேன். நாளைக்கேன்னிய, சொன்ன மாதிரி நாளைக்கே கொண்டாந்துட்டிய."

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

அறிக்கை முடிந்தது. நாற்பத்திரண்டு பக்கம். நார்வே, பின்லாந்து, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா, நாம். எத்தனை மாதம், எத்தனை மணி நேரம், என்ன பாடம், யார் நடத்துகிறார்கள், எல்லாம் கட்டம் கட்டமாக. இவர் படித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று தெரியாது என்றார். நம் பள்ளியில் நடத்தும் பாடங்களின் பட்டியலில் 'மனுக்களைப் பிரித்தறிதல்' விட்டுப்போயிருக்கிறதே என்றும் கேட்டார். இடமில்லை என்றேன். கட்டத்தில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

தாமரைக்கனி மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்காவது தடவை எடுத்தேன். அவள் தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டது வேறு. இன்று காலை ஒரு கிழவர் வயல் வரப்புத் தகராறு என்று வந்திருக்கிறார். முதல்முறை வருகிறார்.

"எடுக்கட்டுமாம்மா, நாளைக்கு வரச் சொல்லட்டுமா? எனக்கு இப்ப எதுவும் புரியமாட்டேங்குது."

எடு என்றேன். சரிங்கம்மா என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு வருஷம், அணிக்கு நூற்றெண்பது பேர். ஏறக்குறைய இரண்டாயிரம் பெண்கள் இந்த மாநிலம் முழுக்க இரண்டாயிரம் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் செய்து கேட்டது ஒருத்திதான்.

செப்டம்பர் 11, வியாழன்

கோமளம் வந்தாள். நாளைக்கு என்ன புகார் என்று இந்தத் தடவை எனக்குச் சொல்லிவிட்டாள், மாமியார் கொடுமை. மூன்றுமுறை ஒத்திகை பார்த்தோம். குழுவுக்கு வடையும் கேசரியும். சீருடைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். இருளப்பன் பிள்ளைகளுக்கு 'உட்காருங்க' என்று சொல்லும்போது கையை எந்தக் கோணத்தில் நீட்ட வேண்டும் என்று வரிசையாக நிற்க வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரு ஐ.ஜி. அறிக்கையை முன்பே படித்துவிட்டு வந்திருந்தார், ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருந்தன. அரைமணி நேரம் கேள்வி கேட்டார். நார்வே ஜனத்தொகை எங்கே நாம் எங்கே என்றார் ஓர் அதிகாரி. மாதத்தைக் கூட்ட முடியாவிட்டாலும் மேசையை மாற்ற முடியும் என்றேன். ஐ.ஜி. தலையாட்டினார். அய்யா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு மூச்சு விட்டது காதில் கேட்டது. ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு நிலையத்துக்குப் போனோம். ஜெனிட்டா மேசையில் இருந்தாள். பிள்ளைகள் பெஞ்சில். கோமளம் வெளியே தலைமுடியைக் கலைத்துவிட்டுத் தயாராக நின்றாள்.

அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். முன்பே யோசித்து வைத்துச் செய்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு எதிரே நின்றேன். ஜெனிட்டா பதறி எழுந்தாள். எனக்குச் சல்யூட் அடிக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். பேர் செண்பகவல்லி என்றேன். ஒரு தாயின் புகார் மூன்று நாள் தாமதமானதில் என் பங்கைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். முதல் இரண்டு நாள் என் மாணவி தாமதித்தாள், தாமதிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். மூன்றாம் நாள் அந்தத் தாயே இந்த நாற்காலிக்கு வந்தாள், அன்றைக்குக் கை தட்டி அனுப்பியதும் நான். அந்தப் பாடத்தை இரண்டாயிரம் பேருக்கு நடத்தியிருக்கிறேன், இந்தக் குழுவுக்குத் தந்த அறிக்கையில் அதை மறைத்திருக்கிறேன்.

ஜெனிட்டாவின் பேனா முதல் வரியில் நின்றது. பிறகு எழுத ஆரம்பித்தது. அய்யா என் பெயரை மெதுவாகக் கூப்பிட்டார். இருளப்பன் வாசல்படியில் தலையைக் குனிந்துகொண்டார். ஐ.ஜி. இரண்டடி முன்னால் வந்து, மேசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது டெமோதானே?" என்று கேட்டார்.

ஜெனிட்டா எழுந்து விறைப்பாக நின்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றரை மாதத்தில் பணி நியமனம், அந்த அறையில் இருந்த எல்லோரிலும் கடைசிப் படியில் இருப்பவள் அவள்தான்.

"இல்லைங்கய்யா. புகார். அம்மா இன்னும் சொல்லி முடிக்கல."

உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினாள். அந்த வகுப்பை முதன்முதலில் எந்த வருஷம் எடுத்தேன் என்று கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.